சுமை வரம்பு: 340 கிலோ

ஜனவரி 6, திங்கள்

ரத்த அழுத்தம் 138/84. தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. கெப்பாசிட்டர் மாற்ற ஆள் வருவதாகச் சொன்னான், வரவில்லை.

மாலையில் தமயந்தி போன் செய்தாள். குடும்பத்தோடு கடலில் போய்வர ஒரு சின்னக் கட்டுமரம் வாங்கலாம் என்று இருக்கிறார்களாம். அவள், மாப்பிள்ளை சந்திரபோஸ், பேத்தி அமிழ்தா மூன்று பேருக்கும் கடல் புதிது. பழகாதவர்களுக்கு எது ஏற்றது என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"எனக்குக் கடலைப் பத்தி என்னம்மா தெரியும்?"

"நீங்க தராசு பாத்தவங்கல்லாப்பா. குத்தம் கண்டுபிடிக்க உங்கள விட்டா ஆள் கிடையாது. நீங்க சரின்னா வாங்குதோம். வேண்டாம்னா விட்டுருதோம்."

எடையளவுத் துறையில் முத்திரை ஆய்வாளராக முப்பத்து நான்கு ஆண்டுகள் இருந்தேன். கடைகளின் எடைக்கற்களை, அதாவது படிக்கற்களைச் சோதித்து முத்திரை குத்தினேன். அதற்கு முன் இயற்பியலில் எம்.எஸ்சி. இந்த இரண்டும் படகு தேர்ந்தெடுக்கத் தகுதியாகுமா என்று தெரியவில்லை. தூத்துக்குடியிலேயே பிறந்து வளர்ந்து எழுபத்தோரு வயதாகிறது. முழங்காலுக்கு மேல் கடல்நீர் பட்டதில்லை.

ஆனாலும் மறுக்க முடியவில்லை. தமயந்தியும் கடலும் ஒரே பேச்சில் வந்தால் எனக்கு வார்த்தை வருவதில்லை. காரணம் பச்சைக் கோப்பில் இருக்கிறது. இங்கே எழுத வேண்டியதில்லை.

ஜனவரி 8, புதன்

நூலகம். மரங்களின் அடர்த்தி அட்டவணையைப் பிரதி எடுத்தேன். நான்கு கட்டைகளைச் சேர்த்துக் கட்டினால் எத்தனை கிலோ தாங்கும் என்று மூன்று வழிகளில் கணக்கிட்டேன். மூன்று விடைகள் வந்தன.

மோட்டார் ஓடுகிறது.

ஜனவரி 11, சனி

கடற்கரைக்குப் போய் நேரில் விசாரித்தேன். வலையை உதறிக்கொண்டிருந்த ஒருவரிடம், பெயர் மிக்கேல், வயது ஐம்பது இருக்கும், கட்டுமரம் எங்கே வாங்கலாம் என்று கேட்டேன்.

"யாருக்கு?"

"மக குடும்பத்துக்கு. மாப்பிள்ளை, பேத்தி, மொத்தம் மூணு பேரு."

அவர் வலையைக் கீழே போட்டார். "ஐயா, மாப்பிள்ளை மேல உங்களுக்கு என்ன கோவம்?"

கட்டுமரத்தில் ஏறினால் இடுப்புக்கு மேலே காற்று, இடுப்புக்குக் கீழே தண்ணீர் என்றார். அவர்களே ஃபைபர் வள்ளத்துக்கு மாறி வெகுகாலம் ஆயிற்றாம். சொன்னதை எல்லாம் எழுதிக்கொண்டேன். கடைசியில் அவர், "கேஸ் எதுவும் எழுதுதியளோ?" என்று கேட்டார். குறிப்பேட்டை மூடிவிட்டேன்.

பழகாத குடும்பத்துக்குப் பொருந்தாது என்பது தெளிவு. வீடு திரும்பும்போது நடை இலேசாக இருந்தது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். எல்லோரும் வந்திருந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் அறிக்கையை மாப்பிள்ளையிடம் கொடுத்தேன். தலைப்பு: 'கட்டுமரம்: குடும்பப் பயன்பாட்டுக்கு ஏற்றதா என்ற ஆய்வு.' பதினொரு பக்கம். முடிவு, ஏற்றதல்ல.

சந்திரபோஸ் உப்பு ஆலையில் வேதியியலாளர், மரியாதை தெரிந்தவர். நான்கு பக்கம் வரை முகத்தை மாற்றாமல் படித்தார். ஐந்தாம் பக்கத்தில் என்னைப் பார்த்தார்.

"மாமா, கட்டையெல்லாம் எதுக்கு வருது?"

"கட்டுமரம்னா கட்டையில்லாம எப்படி?"

அமிழ்தா போனைக் கொண்டுவந்து என் மூக்கருகே நீட்டினாள். ஒல்லியான இரண்டு படகுகள் அருகருகே. நடுவில் வலைத் துணி இழுத்துக் கட்டி, மேலே ஒரு பாய். "தாத்தா, இதுதான் கேட்டமரான். அம்மா கேட்டது இது."

"அதத்தானே நானும் சொன்னேன்."

என் மனைவி உலகம்மைக்குச் சிரித்ததில் பாயசம் புரையேறிவிட்டது. அவளுக்கு அறுபத்தாறு வயது, என்னைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கி நாற்பத்தைந்து வருடம்.

நம் சொல்தான். இங்கிருந்து வெள்ளைக்காரன் கொண்டுபோனபோது அதில் கட்டும் இருந்தது, மரமும் இருந்தது. திரும்பி வரும்போது இரண்டு உடலும் ஒரு பாயும் இருக்கின்றன. கட்டையும் இல்லை, கட்டும் இல்லை. ஒரு சொல்லுக்கே இத்தனை மாறுதல் நடக்குமானால் என்னைக் குற்றம் சொல்ல முடியாது என்று தோன்றியது. வாய்விட்டுச் சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்லவில்லை. பேத்தியின் பெயரிலேயே 'அமிழ்' இருக்கிறது. பெயர் வைத்தபோது யாரும் கவனிக்கவில்லை. நானும்தான்.

ஜனவரி 15, புதன்

பதினொரு பக்கத்தையும் பழைய தாள்களோடு சேர்த்தேன். பின்புறம் காலி, கணக்குப் போட உதவும்.

ஜனவரி 19, ஞாயிறு

ஊருக்கு வடக்கே, அலை குறைந்த வளைவில் ஒரு பாய்ப்படகுச் சங்கம் இருக்கிறது. தமயந்தி கூட்டிப்போனாள். பயிற்சியாளர் ரெஜினா, வெயிலில் கறுத்து இறுகிய கைகள், ஐம்பதுக்குள் வயது. முப்பத்தொரு கேள்விகள் எழுதிப் போயிருந்தேன். முதல் கேள்வி, கவிழுமா.

"கவுரும் ஐயா. காத்துல ஓடுற எதுவும் கவுரும். ரெண்டு உடம்பு இருக்கதால ஆட்டம் கம்மி, பிள்ளைங்க பயமில்லாம உக்காரலாம். ஆனா ஒருக்கா சாஞ்சுட்டா தானா நிமிராது. கீழ இருக்க உடம்பு மேல ஏறி நின்னு, கயித்தப் புடிச்சுப் பின்னால சாயணும். அதுக்கு ஆளுக கிட்ட எடை வேணும்."

'எடை' என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. எத்தனை கிலோ என்று கேட்டேன். படகைப் பொறுத்தது என்றார். சிறிய படகென்றால் பெரியவர்களின் எடை நூற்றுப் பத்து கிலோவாவது வேண்டும். பதினாறு அடிப் படகென்றால் நூற்று நாற்பது. பிள்ளைகளின் எடையை இதில் சேர்க்கக் கூடாது. அதிகபட்சம் எவ்வளவு சுமை ஏற்றலாம் என்பதற்கும் ஒரு வரம்பு உண்டு. அதில் எல்லோருடைய எடையும் சேரும்.

மற்ற பதில்களின் சுருக்கம். ஃபைபர் வேகமானது, ஆனால் பாறையில் உரசினால் விரியும். பழகுகிறவர்களுக்கு மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி செய்கிற பிளாஸ்டிக்கே நல்லது, முட்டினாலும் தாங்கும். சுக்கான் மணலில் தட்டினால் தானாக மேலே மடங்க வேண்டும். பாய்மரத்தின் உச்சியில் காற்றடைத்த மிதவை இருந்தால் படகு முழுக்கத் தலைகீழாகப் போகாது. பாய் சின்னதாக இருக்கட்டும். பெரிய பாய்க்கு ஆசைப்பட்டு வாங்கியவர்கள் மூன்றே மாதத்தில் விற்கிறார்களாம்.

இருபதாவது கேள்வியில் ரெஜினா தமயந்தியைப் பார்த்தார். "ஒங்க அப்பா படகு வாங்க வந்துருக்காகளா, பரீட்சை வைக்க வந்துருக்காகளா?"

"பரீட்சைதான்க்கா. எங்க வீட்டுல பால்காரரே வருசா வருசம் எழுதுவாரு."

அவள் கரையில் இருந்த படகு ஒன்றின் வலைமேல் உட்கார்ந்து கால்களை ஆட்டிக்கொண்டிருந்தாள். நாற்பத்திரண்டு வயதில், தபால் நிலையத்தில் அதிகாரியாக இருப்பவள், அப்படிக் கால் ஆட்டுவது பார்க்க ஒரு மாதிரியாக இருந்தது. நான் அடுத்த கேள்விக்குப் போனேன்.

ஜனவரி 23, வியாழன்

உலகம்மை இப்போதெல்லாம் காலை ஐந்தரைக்கே கோயிலுக்குப் போகிறாள். ஒரு பையும் கொண்டுபோகிறாள். திரும்பி வரும்போது தலைமுடி ஈரம். பிளீச்சிங் பவுடர் வாசனை வருகிறது. தெப்பக்குளத்தைச் சுத்தம் செய்திருப்பார்கள்.

பசி அதிகமாகியிருக்கிறது அவளுக்கு. ஐந்து இட்லி.

ஜனவரி 29, புதன்

விற்பனைக்கு வந்த ஐந்து படகுகளைப் பட்டியலில் எடுத்திருக்கிறேன். அ, ஆ, இ, ஈ, உ. மூன்றை நேரில் பார்த்தாயிற்று, இரண்டை வீடியோவில். இருபத்து மூன்று அம்சங்கள், மொத்தம் நூறு மதிப்பெண். தேர்ச்சி எண்பத்தைந்து.

'இ' காற்றடைக்கும் வகை. பஞ்சர் ஆகும் படகு எனக்கு உடன்பாடில்லை. 'உ' ஃபைபர், இளைஞர்கள் பந்தயத்துக்கு வைத்திருந்தது. விற்பவன், "அங்கிள், பறக்கும்" என்றான். அந்த ஒரு சொல்லுக்கே பத்து மதிப்பெண் போயிற்று.

பிப்ரவரி 2, ஞாயிறு

தமயந்தி வீட்டில் அட்டவணையைக் கொடுத்தேன். முதலில் வந்தது 'ஆ', பதினான்கு அடி பிளாஸ்டிக் படகு, எழுபத்து மூன்று. ஐந்தும் தேறவில்லை.

அவள் முழுவதும் படித்தாள். ஓரத்தில் எழுதியிருந்த சிறு குறிப்புகளைக்கூட.

"எண்பத்தஞ்சு ஏன்ப்பா?"

"பாதுகாப்பு விஷயம்லாம்மா. கூடுதலா இருக்கது நல்லது."

தாளை இரண்டாக மடித்தாள். பிறகு நாலாக.

"சரிப்பா" என்றாள். எழுந்து போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

அமிழ்தா மட்டும், "தாத்தா, மொத மார்க் வாங்குன படகையும் பெயிலாக்கிட்டீங்களா?" என்று கேட்டாள். மாப்பிள்ளை அவளை உள்ளே அழைத்தார்.

பிப்ரவரி 3, திங்கள்

காலைக் காப்பி. உலகம்மை அட்டவணையின் பிரதியைக் கையில் வைத்திருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள், அது நல்ல சகுனமில்லை.

"எண்பத்தஞ்சு யாரு போட்டது?"

"நான்தான்."

"எம்.எஸ்சி.யில நீங்க எத்தன வாங்குனிய?"

சொல்ல வேண்டியதாயிற்று. "அறுபத்தொண்ணு."

"அறுபத்தொண்ணுக்கு கவர்மென்ட்டு வேலை குடுத்தாங்கல்லா. முப்பத்தி நாலு வருசம் சம்பளமும் குடுத்தாங்க. எழுபத்தி மூணு வாங்குன படகு என்னய்யா பாவம் செஞ்சுது?"

டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்கு இன்னும் இரண்டு வாய் காப்பி பாக்கியிருந்தது.

பிப்ரவரி 4, செவ்வாய்

அட்டவணையை மறுபடி சோதித்தேன். 'ஆ' படகின் சுக்கானில் மூன்று மில்லிமீட்டர் ஆட்டம். என் விதிப்படி இரண்டு மதிப்பெண் குறைக்க வேண்டும், ஆறு குறைத்திருக்கிறேன். பாயில் ஒரு ஒட்டுக்கு ஒன்றுக்குப் பதில் மூன்று. 'கரைக்கு இழுக்கும் எளிமை' கூட்டலில் இரண்டு விட்டுப்போயிருக்கிறது. எல்லாத் தவறுகளும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன.

கை தவறிச் செய்யும் பிழை இரண்டு பக்கமும் போகும். ஒரே பக்கம் சாய்ந்தால் அது பிழை அல்ல. தராசுத் தட்டுக்கு அடியில் யாரோ புளி ஒட்டியிருக்கிறார்கள் என்று பொருள். இப்படி ஒட்டிய எத்தனையோ தராசுகளைப் பறிமுதல் செய்திருக்கிறேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

பச்சைக் கோப்பை எடுத்தேன். எழுதியே ஆக வேண்டும் போலிருக்கிறது.

இருபத்தெட்டு வருடங்களுக்கு முன், தமயந்தி ஒன்பதாம் வகுப்பு. பள்ளி மாணவர் படையின் கடற்பிரிவில் பாய்ப்படகுப் பயிற்சி முகாமுக்கு மாவட்டத்தில் நான்கு பெண் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் அவளும் ஒருத்தி. பெற்றோர் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். கடைசித் தேதி நவம்பர் 14, இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

நான் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் அழுதிருப்பாள், சண்டை போட்டிருப்பாள், அவள் அம்மா அவள் பக்கம் நின்றிருப்பாள், ஒருவேளை போயிருப்பாள். நான் 'பார்க்கலாம்' என்று சொல்லிப் படிவத்தை மேசைமேல் வைத்தேன். 15ஆம் தேதி வந்தது. அனுப்பியது தபாலில் தாமதமாகிவிட்டதாம் என்று சொன்னேன்.

"சரிப்பா" என்றாள். கொல்லைப்புறம் போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

கையெழுத்து இல்லாத படிவம் என் எதிரே இருக்கிறது. காகிதம் பழுத்துவிட்டது. நான் எதையும் தூக்கிப் போடுவதில்லை.

பிப்ரவரி 8, சனி

திருத்திய மதிப்பெண்: 'ஆ' எண்பத்தொன்று. 'ஈ' எழுபத்தெட்டு. தேர்ச்சி அறுபத்தொன்று. தமயந்திக்குப் போன் செய்து, கூட்டலில் தவறு நடந்துவிட்டது என்றேன்.

"உங்களுக்கா? கூட்டல்லயா?"

"வயசாகுதுல்லா."

"அப்போ வாங்கலாமாப்பா?"

ஆள் எடையைச் சரிபார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

குளியலறை எடைப்பொறிகளை நான் நம்புவதில்லை. எல்லோரையும் தங்கப்பழத்தின் அரிசி மண்டிக்குக் கூட்டிப்போனேன். மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு, முத்திரை நடப்பில் இருக்கிறது. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் இதே கடையில் அவருடைய பழைய தராசைப் பறிமுதல் செய்தேன், கிலோவுக்கு இருநூறு கிராம் குறைவு. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"ஐயா, ரிட்டையர் ஆனா விட மாட்டியளா?"

"சோதனைக்கு வரல. குடும்பத்த எடை போடணும்."

"எந்த மூட்டையில கட்ட?"

சந்திரபோஸ் ஐம்பத்தெட்டு. தமயந்தி ஐம்பத்து நான்கு. அமிழ்தா முப்பது, செருப்போடு. கழற்றச் சொன்னேன், அப்போதும் முப்பது. பெரியவர்கள் இருவரும் சேர்ந்து நூற்றுப் பன்னிரண்டு. 'ஆ' படகை நிமிர்த்த நூற்றுப் பத்து வேண்டும். மிச்சம் இரண்டே கிலோ. ஒருவருக்கு ஒரு வாரம் காய்ச்சல் வந்தால் போதும். இது போதாது என்றேன். நேர்மையாகத்தான் சொன்னேன். ஆனால் என் குரலில் பழைய சந்தோஷம் எட்டிப்பார்த்ததோ என்று சந்தேகம்.

அப்போது உலகம்மை செருப்பைக் கழற்றினாள். தராசில் ஏறி நின்றாள்.

"நீ எதுக்கு?"

"நான் போக வேண்டாமா?"

"உனக்கு நீச்சல் தெரியாதே."

"மூணு மாசமா படிக்கேன். நீச்சல் குளத்துல காலையில அஞ்சரைக்குப் பொம்பளைங்களுக்குத் தனியா நேரம். இருவத்தஞ்சு மீட்டர் நிக்காமப் போவேன். நாங்க ஆறு பேரு இருக்கோம், நான்தான் ரெண்டாவது மூப்பு."

"கோயில்னு சொன்னியே."

"போற வழியில கோயில் இருக்குல்லா."

எனக்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அமிழ்தாவுக்குக்கூட. தெப்பக்குளத்தில் யார் பிளீச்சிங் பவுடர் போடுவார்கள் என்று நான் ஒரு முறையாவது யோசித்திருக்கலாம்.

முள்ளைப் பார்க்க என்னை விடவில்லை. தங்கப்பழம் பார்த்துவிட்டு என் காதில் சொன்னார், அறுபத்தேழு. பிறகு, "ஐயா, நீங்க ஏறலையா?" என்றார்.

"நான் போகப்போறதில்ல."

"போகாட்டா என்ன? என் தராச நீங்க நம்புதியளான்னு நான் பாக்காண்டாமா?"

இருபத்திரண்டு வருடம் அவர் இதற்காகக் காத்திருந்திருக்கிறார். ஏறினேன்.

"அறுபத்தொண்ணு" என்று கடைக்கே கேட்கும்படி சொன்னார்.

"பாஸ்" என்றாள் உலகம்மை.

பிப்ரவரி 18, செவ்வாய்

நால்வர் சேர்ந்து இருநூற்று ஒன்பது கிலோ. 'ஆ' படகின் சுமை வரம்பு இருநூற்று இருபது. கச்சிதம். எண்பத்தொரு மதிப்பெண். வேலை முடிந்தது.

என்னையும் சேர்த்தால் இருநூற்று எழுபது. வரம்பு மீறல். ஆகவே நான் போக முடியாது. நான் பயந்து மறுத்ததாக யாரும் சொல்ல முடியாது, அட்டவணையே சொல்கிறது.

'ஈ' பதினாறு அடி. அதுவும் பிளாஸ்டிக், ஆனால் ஒன்பது வருடம் பழையது. ஒரு சுக்கான் மாற்றியது. பாயில் இரண்டு ஒட்டு. கரைக்கு இழுக்கக் கனம். மூன்று மதிப்பெண் குறைவு. சுமை வரம்பு முந்நூற்று நாற்பது.

பகல் முழுவதும் இரண்டு தாள்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். மத்தியானம் தூங்கவில்லை.

மாலை 4.20க்கு அட்டவணையில் இருபத்து நான்காவது அம்சம் ஒன்று சேர்த்தேன். 'ஐந்தாவது ஆளுக்கு இடம்.' மதிப்பெண் ஐந்து. 'ஆ'வுக்குப் பூஜ்யம், 'ஈ'க்கு ஐந்து.

பரீட்சை முடிந்தபின் கேள்வி சேர்ப்பது முறையல்ல. என் பணிக்காலத்தில் யாராவது இதைச் செய்திருந்தால் விளக்கம் கேட்டிருப்பேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

தமயந்தி தனியாக வந்தாள். அவள் அம்மா ஊறுகாய் பாட்டில் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். 'ஈ' என்று சொன்னேன். அட்டவணையைப் பார்த்தாள். இருபத்து நான்காவது வரியில் அவள் விரல் நின்றது.

நான் பச்சைக் கோப்பைத் திறந்து படிவத்தை அவள் முன் வைத்தேன். சொல்ல நினைத்து எழுதி வைத்திருந்த தாள் சட்டைப் பையில் இருந்தது, எடுக்க வரவில்லை.

"தபால் தாமதம் இல்லம்மா" என்றேன்.

"தெரியும்ப்பா."

"எப்போ தெரியும்?"

"அன்னைக்கே. பதினஞ்சாம் தேதி காலையில உங்க மேசையில பாத்தேன். அந்த அரைக் கிலோ படிக்கல்லுக்குக் கீழே இருந்துச்சு." மேசையைக் காட்டினாள். பித்தளைப் படிக்கல் அங்கேயே இருக்கிறது, பணியில் சேர்ந்த புதிதில் நான் வாங்கி வைத்தது.

"நீ கேக்கவே இல்லையே."

"கேட்டா நீங்க இன்னொரு பொய் சொல்லணும்லா. உங்களுக்கு அது வராதுப்பா. மொதப் பொய்க்கே மூணு நாள் ஜுரம் வந்துச்சு."

எனக்கு அந்த ஜுரம் நினைவில்லை. குறிப்பேட்டில் இருக்கும்.

அவள் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் அவளுடைய பதினான்கு வயது எழுத்து. "ஆனா ஒண்ணு. பழிய எங்க ஆபீஸ் மேல போட்டிய பாருங்க, அதுதான் பொறுக்கல. இருவது வருசமா தபால்ல இருக்கேன். வாரவங்க போறவங்க எல்லாம் தாமதம் தாமதம்னு சொன்னா, எந்தப் புண்ணியவான் வீட்டுல படிக்கல்லுக்கு அடியில கெடக்கோன்னுதான் நெனைப்பேன்."

சிரித்தாள். நானும் சிரிக்கப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது.

படிவத்தை எடுத்துக்கொண்டு போனாள். கோப்பு காலியாகிவிட்டது. உறையை மோட்டார் ரசீதுகளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

மார்ச் 5, புதன்

படகு லாரியில் வந்து இறங்கியது. சொன்னதைவிட ஒரு கீறல் கூடுதல். அமிழ்தா அதற்குப் பெயர் வைத்துவிட்டாள், 'எழுபத்தெட்டு'.

மார்ச் 9, ஞாயிறு

சங்கத்திலிருந்து விண்ணப்பப் படிவங்கள். முதல் பயணம் வரும் ஞாயிறு, ரெஜினா மோட்டார் படகில் கூடவே வருவார். அறுபத்தைந்து வயது தாண்டியவர்களுக்குக் குடும்பத்தினர் ஒருவரின் சம்மதக் கையெழுத்து வேண்டுமாம். உலகம்மைக்கு சந்திரபோஸ் அப்போதே போட்டுக் கொடுத்தார்.

என் படிவத்தைத் தமயந்தியிடம் நீட்டினேன். வாங்கி, மேசைப் பக்கம் திரும்பி நின்று, நிதானமாகப் படித்தாள்.

"கடைசித் தேதி எப்போப்பா?"

"பதினஞ்சு. சனிக்கிழமை."

"அப்ப நாள் இருக்குல்லா." படிவத்தை மடித்துப் படிக்கல்லுக்கு அடியில் வைத்தாள். "பார்க்கலாம்."

எல்லோரும் போனபிறகு வீடு அமைதியாக இருந்தது. நியாயம்தான்.

மார்ச் 10, திங்கள்

தமயந்தி போன் செய்தாள். மோட்டாரைப் பற்றிக் கேட்டாள். வேறொன்றும் சொல்லவில்லை.

மார்ச் 12, புதன்

ரெஜினா எனக்கும் உலகம்மைக்கும் தண்ணீர்ப் பழக்கம் கொடுத்தார். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு நெஞ்சளவு தண்ணீரில் நின்றேன். காலை எடுக்கச் சொன்னார். எடுக்கவில்லை. மறுபடி சொன்னார். உலகம்மை என்னைச் சுற்றி நீந்திக்கொண்டே, "மிதப்பு விதிய நாப்பத்தெட்டு வருசம் முன்னாலயே எழுதிப் பாஸ் பண்ணவங்கதானே" என்றாள். எடுத்தேன்.

விதி உண்மைதான்.

கையெழுத்து இன்னும் ஆகவில்லை. இதைப் பழகி என்ன பயன் என்று ரெஜினாவிடம் சொல்லத் தோன்றியது.

மார்ச் 13, வியாழன்

தமயந்தி வரவில்லை. வேலை அதிகமாக இருக்கும். கேட்பது முறையில்லை.

மார்ச் 14, வெள்ளி

ரத்த அழுத்தம் 150/90. அவளுக்கு அப்போது பதினான்கு வயது. ஒன்பது நாள் காத்திருந்தாள். எனக்கு ஐந்தே நாள்தான் ஆகியிருக்கிறது.

மார்ச் 15, சனி

காலை பத்து மணி வரை பொறுத்தேன். பிறகு தமயந்திக்குப் போன் செய்தேன். இத்தனை வருடத்தில் எதற்காகவும் நான் முதலில் கேட்டதில்லை.

"அம்மா, அந்தப் படிவம். இன்னைக்குக் கடைசி நாள்."

"எந்தப் படிவம்ப்பா?"

"சம்மதம். நீ கையெழுத்துப் போடணும்லா."

"எடுத்துப் பாத்தியளா?"

"இல்லம்மா. நீ போடட்டும்னுதான்..."

"போயி எடுத்துப் பாருங்கப்பா."

படிக்கல்லைத் தூக்கினேன். மடிப்பைப் பிரித்தேன். 'நா. தமயந்தி, மகள்.' கீழே தேதி: மார்ச் 9.

ஆறு நாளாக அங்கேதான் இருந்திருக்கிறது. ஊரில் ஒரு படிக்கல்லைக்கூடத் தூக்கிப் பார்க்காமல் விட்டதில்லை நான்.

"லைன்ல இருக்கியளா?" என்றாள்.

"இருக்கேன்."

"சங்கத்துக்கு நீங்களே கொண்டுபோய்க் குடுத்துருங்க. தபால்ல போட்டுராதிய."

மார்ச் 16, ஞாயிறு

காற்று வடகிழக்கு, மெல்லியது. ஐந்து பேர், இருநூற்று எழுபது கிலோ. 9.10க்குக் கரையை விட்டோம்.

குறிப்பேட்டைக் கரையில் வைத்துவிட்டுப் போனதால் மற்றது எதுவும் எழுதப்படவில்லை.